இசையைப் பதித்த கருவிகளும் அவற்றின் பிணிகளும்

ஏட்டில் எழுதிய பாட்டு பல நூற்றாண்டு சென்றாலும் நிற்கும். பாடிய குரலோ பாடி முடித்த அக்கணமே காற்றோடு கலந்துவிடும். மூவர் பாடிய தேவாரப் பதிகங்கள் தில்லையிலே செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்கப்பட்ட வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தது, சொல்லும் கிடைத்தது, ஆனால் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவர் பாடக் கேட்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தனர் என்பது அப்புராணம் தரும் செய்தி. இசைக்கு ஏடு பாதி. குரல் மறு பாதி. அந்த மறு பாதியைப் பிடித்து வைக்கும் கருவி மனிதனுக்குக் கிடைத்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அக்கருவியின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இசைப் புலவன் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு என்னுடைய தவறு ஒன்றே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் விமான் நகர்க் குடியிருப்பில் நடைபெற்ற ஆண்டு விழாவிலே, எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பாடினார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, மகனோடு புனேக்கு வந்து குடியேறியவர் அவர். முதலில் தம் தாயார் பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடினார். பின்னர்த் திருப்புகழும் காவடிச் சிந்தும் பாடினார். உள்ளங்கையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் சங்கம் அப்போதுதான் வாங்கியிருந்தது. அதை இயக்கும் பொறுப்பு என்னுடையது. மறு ஆண்டு விழாவுக்கு முன்பே அம்மையார் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் அவருடைய மகன் என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, அம்மா பாடிய தாலாட்டு மட்டும் கிடைத்தால் போதும்" என்று கேட்டார். மற்றப் பாடல்களை என்னால் கொடுக்க முடிந்தது. தாலாட்டைக் கொடுக்க முடியவில்லை. அது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். நிற்க.

மெழுகும் தட்டும்

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் ஈயத்தாள் சுற்றிய உருளையில் ஒலியைப் பதித்துக் காட்டினார். ஈயத்தாளுக்குப் பின் மெழுகு உருளை வந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய முதல் ஒலிப்பதிவுக் கருவி அதுவே. மின்சாரம் வேண்டியதில்லை; விசைக்கம்பியை முறுக்கிவிட்டால் உருளை சுழலும்; கூம்புக் குழலின் முன் பாடினால் ஊசி மெழுகிலே கோடு கிழிக்கும். நாட்டுப்புற இசையை ஆராய்ந்த மேனாட்டு அறிஞர்கள் இதனைக் கையோடு கொண்டு திரிந்தனர். இலங்கையில் வேடர் இனத்தாரின் பாடல்களைச் செலிக்மன் தம்பதியர் 1907-08-இல் உருளைகளில் பதித்தனர். 'இந்துஸ்தானத்தின் இசை' என்னும் நூலை 1914-இல் வெளியிட்ட பாக்ஸ் ஸ்டிராங்வேஸ், அந்நூலுக்காக 1910-11-இல் நம் நாட்டில் சுற்றியபோது உருளைக் கருவியைக் கொண்டுவந்தார்.

இக்கருவிக்குப் பிணிகள் பல. உருளை ஒன்றில் சில நிமிடங்களே பதியலாம். ஒவ்வொரு முறை திருப்பிக் கேட்கும்போதும் ஊசி மெழுகைத் தேய்க்கும். இவற்றினும் பெரியது வேகப் பிணி. விசைக்கம்பி தளரத் தளர உருளையின் சுழற்சி குறையும். குறைந்த வேகத்தில் பதிந்த பாட்டைச் சரியான வேகத்தில் கேட்டால் சுருதி உயர்ந்து, பாட்டும் விரைந்து ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஆறு கட்டையில் பாடியதாகத் தோன்றும். இதற்கு அவ்வறிஞர்கள் கண்ட மருந்து எளிமையானது. பாட்டுத் தொடங்குமுன், இன்ன சுரம் என்று அறியப்பட்ட ஊதுகுழல் ஒன்றை உருளையிலே ஊதிப் பதித்தனர். பிற்காலத்தில் கேட்போர் அக்குழலின் சுரம் சரியாக ஒலிக்கும்வரை வேகத்தைத் திருத்தினால், பாட்டும் தன் உண்மைச் சுருதிக்கு வந்துவிடும். முதலில் சுருதி, பின்னர்ப் பாட்டு என்பது நம் கச்சேரி மரபு. கருவிக்கும் அதுவே மருந்தாயிற்று.

உருளைக்குப் போட்டியாக எமில் பெர்லினர் என்பார் 1887-இல் தட்டைக் கண்டுபிடித்தார். 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, விடுதி அறையொன்றில் கருவியை அமைத்துக் கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் பாட்டைப் பதித்தார். பாட்டு முடிந்ததும் அப்பெண்மணி ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொல்வதை அத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை அப்போது ஜெர்மனியில் ஹனோவர் நகரில் இருந்தது. பெயர் சொல்லாவிட்டால் எந்தத் தட்டு எவருடையது என்பது அங்குள்ளோர்க்கு விளங்காது. அதனாலேயே இவ்வழக்கம் ஏற்பட்டது என்பர். குழலின் சுரம் ஒரு காப்பு. பாடியவரின் பெயர் மற்றொரு காப்பு. இவ்விரண்டையும் அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டிலும் இசைத்தட்டு விரைவில் பரவியது. கோயமுத்தூர் தாயி போன்ற இசையரசிகளின் குரல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டில் ஏறிற்று. ஆயினும் தட்டு ஒரு சிறையாகவே இருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குலமாயின் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு நாழிகை விரிய வேண்டிய ஆலாபனை அதற்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு நாடெங்கும் புகழ் பெற்றது. ஆனால் திருவிழா இரவுகளில் சுவாமி புறப்பாட்டின் முன்னே அவர் மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டிலே அடக்குவது எங்ஙனம்? அதைக் கேட்டவர்கள் பாக்கியவான்கள்.

ஒரு நடைமேடையின் கதை

புனேவில் வாழும் நாம் இவ்விடத்தில் நினைக்க வேண்டிய பெரியார் ஒருவர் உண்டு. கிரானா இசை மரபின் தலைவரான உஸ்தாத் அப்துல் கரீம்கான் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயம் என்னும் பள்ளியை நடத்தியவர். ஆண்டுதோறும் டிசம்பரில் கூடி நம் நகருக்குப் பெருமை சேர்க்கும் சவாய் கந்தர்வ இசைவிழா, அவருடைய மாணவரான சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-இல் தொடங்கப்பெற்றது. கான் சாகிப் தென்னாட்டு இசையிலும் ஈடுபாடு கொண்டவர்; தியாகராஜ சுவாமிகளின் கிருதியையும் தட்டில் பாடிக் கொடுத்துள்ளார்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அவர் புதுச்சேரி செல்லும் வழியில் இரயிலில் நோயுற்று, செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலே அமர்ந்து, தம்பூராவை மீட்டச் செய்து, தர்பாரி இராகத்தில் இறைவனைப் பாடியவாறே உயிர் நீத்தார் என்று சொல்வர். இரயில்வேயில் ஊழியம் செய்பவனாகிய எனக்கு எந்த நடைமேடையைக் கண்டாலும் அந்தக் காட்சி மனத்தில் தோன்றும். சிங்கப்பெருமாள்கோவிலில் அன்றிரவு ஒலித்த தர்பாரியைப் பதிக்கக் கருவி ஏது? இன்று நமக்கு இருப்பவை அவர் பாடிய சிறு சிறு தட்டுகளே.

அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1938-இல், டச்சு நாட்டு அறிஞர் ஆர்னல்ட் பேக் தென்னாட்டில் சுற்றி நாட்டுப்புற இசையையும் கூத்தையும் பதிக்கத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த டெபிபோன் என்னும் ஜெர்மானியக் கருவி நீண்ட படச்சுருளில் கோடு கிழித்து ஒலியைப் பதிக்கும். உருளையைவிட நெடுநேரம் ஓடும். 1984-இல் நசீர் ஜெய்ராஜ்போய், ஏமி காட்லின் ஆகிய அறிஞர்கள் அப்பதிவுகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பச் சென்று, எவை எஞ்சியுள்ளன, எவை மாறின என்று ஆராய்ந்தனர். இந்திய இசைப் பதிவுகளுள் பல வெளிநாட்டுக் காப்பகங்களில் தங்கிவிட்டன. அவற்றின் படிகளை இந்நாட்டுக்கே கொண்டுவந்து வைப்பதற்கென ஓர் இசை ஆவணக் காப்பகத்தை இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் 1982-இல் நிறுவியது. அது முதலில் நிறுவப்பெற்றது நம் புனே நகரில்தான்! பின்னர் 1986-இல் அது தில்லிக்கு மாறியது.

ஒலிநாடா வந்த கதை

காந்த ஒலிப்பதிவு டென்மார்க்கில் பிறந்தது. வால்டமர் பௌல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதித்தார். ஜெர்மானியரான பிரிட்ஸ் புளூமர் 1928-இல் கம்பிக்குப் பதிலாக நாடாவைக் கொண்டுவந்தார். 1935-இல் பெர்லின் வானொலிப் பொருட்காட்சியில் 'மேக்னடோபோன்' என்ற நாடாக் கருவி காட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அது உலகெங்கும் பரவியது. ஸ்விட்சர்லாந்தில் ஸ்டீபன் குடெல்ஸ்கி 1951-இல் செய்த 'நாக்ரா' கருவி, ஒலிநாடாவைத் தோளில் தொங்கவிட்டு எங்கும் எடுத்துச் செல்ல வழி செய்தது.

ஒலிநாடாவால் மூன்று நிமிடச் சிறை உடைந்தது. ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடாவைச் சுற்றி, வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடவிட்டால் அரை மணிக்குக் குறையாமல் பதியலாம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு மணிக்கு மேல். தமிழ் இரசிகர்கள் சிலர் ஸ்பூல் டேப் ரிக்கார்டர்களை வாங்கி, சபைகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வைத்துப் பதித்தனர். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் ஆகியோரின் முழுக் கச்சேரிகளை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால், அதற்கு வானொலி நிலையத்தாரோடு அந்த இரசிகப் பெருமக்களும் காரணர். அவர்கள் மேடை ஏறியதில்லை, மாலை பெற்றதுமில்லை. தூணருகே கருவியின் பக்கத்தில் அமர்ந்து, காதிலே ஒலிகேட்பியை மாட்டி, நாடா தீருமுன் அடுத்த சுருளை ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

அவர்கள் போராடிய பிணிகளையும் சொல்ல வேண்டும். நாடா தேய்ந்து உதிரும் துகள் காந்தத் தலையில் படிந்தால் ஒலி மங்கும். பஞ்சைச் சாராயத்தில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஒலிவாங்கியின் கம்பியும் மின்கம்பியும் நெருங்கி ஓடினால், நமது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு இடைவிடாத ரீங்காரமாகத் தம்பூராவோடு சேர்ந்துகொள்ளும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட காசெட் நாளடைவில் வீடு தோறும் வந்தது. அதிலே 60 நிமிட நாடா பக்கத்துக்கு 30 நிமிடம். 90 நிமிட நாடா பக்கத்துக்கு 45 நிமிடம். கல்யாணி உச்சத்தை எட்டும் நேரத்திலேதான் பக்கம் முடியும்! பாட்டரி வற்றினால் பழைய மெழுகு உருளையின் பிணி திரும்ப வந்துவிடும்: நாடா மெதுவாக ஓடும், பின்னர்க் கேட்கையில் சுருதி ஏறிக்கொண்டே போகும். தம் வீட்டுக் காசெட்டில் பாட்டனார் குரல் குழந்தைக் குரலாக ஒலிப்பதாக அன்பர் ஒருவர் என்னிடம் குறைபட்டதுண்டு. நாடா கெடவில்லை, பதித்த அன்று பாட்டரி தளர்ந்திருந்தது, அவ்வளவே.

என் தவறு

இன்றைய கருவிக்கு நாடா இல்லை, சக்கரமில்லை. ஒலியை எண்களாக்கி நகத்தளவான மெமரி கார்டிலே எழுதுகிறது. சுருக்காமல் பதித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மெகாபைட் இடம் வேண்டும். மூன்று மணிக் கச்சேரி இரண்டு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பழைய பிணிகளெல்லாம் ஒழிந்தன என்று நானும் எண்ணினேன். ஆனால் பிணிகள் வேறு உருக்கொண்டு வந்தன.

அன்றைய விழாவில் சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். சிவப்பு விளக்கு மின்னியது. ஒலியளவு காட்டும் கோடுகளும் ஆடின. பதிகிறது என்று நினைத்து, மகிழ்ச்சியோடு கைகட்டி அமர்ந்தேன். அக்கருவியிலே ஒரு முறை அழுத்தினால் அது 'ஆயத்த நிலை' மட்டுமே. மறு முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். விளக்கு மின்னினால் காத்திருக்கிறது. நிலையாக எரிந்தால் பதிகிறது. நேரம் காட்டும் எண்ணும் அப்போதுதான் ஓடும். எண் சுழியத்திலேயே நிற்பதை நான் கண்டபோது தாலாட்டு முடிந்து, சபையோர் கைதட்டிக்கொண்டிருந்தனர். இரண்டாம் முறை அழுத்தினேன். "அம்மா, தாலாட்டை மறுபடி பாடுங்கள்" என்று கேட்க என் நாணம் இடம் கொடுக்கவில்லை. விழா முடிந்ததும் சென்று கேட்டேன். "அதற்கென்னப்பா, அடுத்த வருஷம் பாடுகிறேன்" என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தவறு அத்தோடு நிற்கவில்லை. காவடிச் சிந்தின் இறுதியில் பாட்டரி தீர்ந்து கருவி அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பதிவின் நீளம் சுழியம் என்று காட்டியது. கணினித் துறையில் பணிபுரியும் நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் அதன் காரணத்தை விளக்கினார். ஒலி முழுதும் கார்டில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதன் நீளத்தைக் கூறும் முகப்புக் குறிப்பைக் கருவி கடைசியாகவே எழுதும். மின்சாரம் அறுந்ததால் அதை எழுதவில்லை. "மாமா, இதிலே வேறெதையும் பதியாமல் கொண்டுவந்தீர்களே, அதுவே போதும்" என்று சொல்லி, முகப்பைத் திருத்தி, பாடல்களை மீட்டுக் கொடுத்தார். பதறி, அக்கார்டில் இன்னொன்றைப் பதித்திருந்தால் அவையும் அழிந்திருக்கக்கூடும். இவ்வாறு திருப்புகழும் காவடிச் சிந்தும் பிழைத்தன. பதியாத தாலாட்டை எந்த வித்தையாலும் மீட்க இயலாது.

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் மூலத்தை நாடி, பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவத்துக்கு வகுத்த நெறி. கருவிக்கும் அந்நெறி பொருந்தும். ஆனால் கச்சேரிக்கு ஒரு வேறுபாடு உண்டு: நோய் வந்தபின் நாடினால் பாட்டு போய்விடும். எனவே முன்பே நாட வேண்டும். எங்கள் இரயில்வேயில் முன்னுள்ள பாதை வெறுமையாக உள்ளதென்று உறுதி பெறாமல் வண்டியை அனுப்புவதில்லை. அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். கருவிக்கும் லைன் கிளியர் வாங்க வேண்டும். புதிய பாட்டரியும் வெற்றுக் கார்டும் உண்டா? ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து வரும் கம்பியை, மைக் துளையிலே செருகாமல், அதற்கென உள்ள துளையில் செருகினோமா? ஒரு நிமிடம் பதித்து, ஒலிகேட்பியில் திருப்பிக் கேட்டோமா? மிருதங்கத்தின் பலத்த அடியிலும் அளவுக்கோடு உச்சியைத் தொடாமல் நிற்கிறதா? எண் ஓடுகிறதா? இவ்வைந்துக்கும் விடை 'ஆம்' என்றால் கச்சேரி தொடங்கலாம்.

நம் விமான் நகருக்கெனத் தனிப் பிணி ஒன்றும் உண்டு. லோகேகாவ் நிலையத்திலிருந்து விமானப்படை ஊர்திகள் எழும்போது நம் வீட்டுச் சன்னல்கள் அதிர்வதை நாம் அறிவோம். கருவியின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை இயக்கி வைத்திருந்தால், அது அவ்விரைச்சலைக் கேட்டு ஒலியளவைத் தானே தாழ்த்தும். இரைச்சல் ஓய்ந்த பின்னும் சில கணம் வீணை கிணற்றுக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்கும். ஆகையால் அதை நிறுத்திவிட்டு, அளவைக் கையாலேயே வைத்தல் நலம்.

செய்ய வேண்டுவன

குடியிருப்பு அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே. நம் இல்லங்களின் பரண்களிலே பழைய காசெட்டுகள் உறங்குகின்றன. கல்யாணக் கச்சேரி, சீமந்தப் பாட்டு, ஊரிலிருந்து பாட்டி பேசி அனுப்பிய சேதி ஆகியவை அவற்றில் இருக்கலாம். புனேயின் மழைக்காலம் நாடாவிலே பூஞ்சை பிடிக்கச் செய்யும். பூஞ்சை பிடித்ததைக் கருவியில் இட்டு ஓட்ட வேண்டா, அறிந்தவரிடம் காட்டுக. நல்ல நிலையில் உள்ளவற்றை இப்போதே கணினிக்கு மாற்றி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறோர் ஊரில் வைக்க. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நகரிலேயே நேர்ந்த தீயில் பழைய திரைப்படச் சுருள்கள் எரிந்தொழிந்தன. ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருளுக்கு அந்த அபாயம் என்றும் உண்டு.

இனிப் பதிப்பவற்றை, பெயரும் சுருதியும் கொண்டு தொடங்குவோம். "இன்னார், இன்ன ஊர், இன்ன நாள்" என்று பாடுபவரே சொல்லட்டும். பின்னர் ஒரு நிமிடம் தம்பூரா ஒலிக்கட்டும். அந்த ஒரு நிமிடத்திற்குள், எண் ஓடுகிறதா என்று கருவியை இயக்குபவர் பார்த்துக்கொள்ளலாம். அன்று அம்மையாரை நான் பெயர் சொல்லக் கேட்டு, எண்ணைப் பார்த்திருந்தால் தாலாட்டு கிடைத்திருக்கும்.

சென்ற மாதம் அம்மையாரின் பேத்தி, தன் மகவைத் தொட்டிலில் இட்டபோது அத்தாலாட்டின் முதல் இரண்டு அடிகளை நினைவிலிருந்து பாடினாள். மூன்றாம் அடி அவளுக்கு வரவில்லை. வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. நான் கருவியை எடுத்துச் சென்று அவ்விரண்டடிகளைப் பதித்து வந்தேன். முதலில் அவள் தன் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொன்னாள். நான் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இம்மலரைப் படிக்கும் முதியோர் எவருக்கேனும் தஞ்சைப் பக்கத்துத் தாலாட்டுகள் நினைவிலிருந்தால் அருள்கூர்ந்து சொல்லியனுப்புக. கருவியோடு நானே இல்லம் தேடி வருகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!